சிவக்காத கண்ணிலும் நோய் இருக்கும்

(மக்தப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் ஓதல், வருகைப் பதிவு, கல்வி உதவித்தொகை பற்றித்தான் பேசுவோம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். அதோடு அறக்கட்டளையின் ஒரு தவறையும் சொல்லப் போகிறோம். அந்தத் தவறில் எங்கள் எல்லோருக்கும் பங்குண்டு. ஆகவே யாரோ செய்தது போலச் சொல்லிவிட்டு நகர முடியாது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நம் மக்தபில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று சேர்ந்தது. பெயர் சொல்லவில்லை. இதைச் சொல்லிக்கொள்ளப் பெற்றோர் அனுமதி தந்திருக்கிறார்கள். ஃபஜ்ருக்குப் பிறகு ஆறரை மணிக்கு ஓத வரும். சம்மணம் போட்டு உட்காராது. ஒரு காலை மட்டும் நீட்டிக்கொள்ளும். ரிஹால் பலகையை நோக்கிக் கால் நீட்டலாமா என்று உஸ்தாத் இரண்டு மூன்று முறை கண்டித்திருக்கிறார். பிள்ளை அழுதுகொண்டே மடக்கும், மறுபடி நீட்டும். வீட்டில் கேட்டபோது அம்மா சொன்னார்: "காலையில எந்திரிச்சா நொண்டுறா ஹஜ்ரத். பத்து மணிக்கு மேல ஓடி விளையாடுறா. ஓதப் போகச் சோம்பல் பட்டு நடிக்கிறாளோன்னு நாங்களே நெனச்சோம்."

பிள்ளை நடிக்கவில்லை. காலையில் மூட்டு இறுகிப்போய், வெயில் ஏற ஏற இளகுவது குழந்தைகளுக்கு வரும் மூட்டு அழற்சியின் முக்கிய அடையாளம். மூட்டுவாதம் கிழவர்களுக்குத்தான் வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதினாறு வயதுக்குள் ஒரு மூட்டு வீங்கி, ஆறு வாரத்துக்கு மேல் வடியாமல் இருந்து, வேறு காரணமும் தெரியவில்லை என்றால் மருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இளம்பருவ மூட்டு அழற்சி என்று தமிழில் சொல்லலாம். மக்தப் காலை நேரத்தில் நடக்கிறது, பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள். ஆகவே இந்த நோயைப் பள்ளிக்கூடத்தை விட மக்தபில்தான் முதலில் பார்க்க முடியும். எங்கள் உஸ்தாத் பார்க்கத்தான் செய்தார். அது நோய் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இரண்டு மாதம் சுளுக்கு வழிப்பவரிடம் எண்ணெய்க் கட்டு. வீக்கம் போகவில்லை. பிறகு யாரோ சொல்லி மாவட்டத் தலைநகரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, ஒரு கடிதம் எழுதித் தந்தார். ஆங்கிலத்தில் நான்கே வரிகள். மூன்று வரி முட்டியைப் பற்றி. நாலாவது வரியில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

பிள்ளையின் அத்தா கொத்தனார். கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். முட்டிக்குப் போடும் ஊசிக்கும் மருந்துக்கும் உதவி கேட்டார். மதுரைக்குப் போய்வர மூன்று மாதத்துக்கொரு முறை பஸ் செலவும் கேட்டார். ஊசிக்கும் மருந்துக்கும் உடனே கொடுத்தோம். கண்ணுக்கு வந்தபோதுதான் தவறு நடந்தது. எங்களில் ஒருவர் பிள்ளையை வராந்தா வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணை விரித்துப் பார்த்தார். துளிச் சிவப்பு இல்லை, பீளை இல்லை, தண்ணீர் வடியவில்லை. "கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு, இதுக்கு எதுக்கு மதுரை?" என்று எல்லோருமே சொன்னோம். அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளிச் சேர்க்கைக்கும் மட்டுமே உதவி என்று எங்கள் விதியிலும் இருந்தது. தீர்மானப் புத்தகத்தில் "கண் பரிசோதனைக்கு நிதி ஒதுக்கத் தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது.

முட்டி குணமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை ஓடியாடியது. குணமானதும் குழந்தை மருத்துவரிடம் போவதையும் நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து உஸ்தாத் வந்து ஒரு விஷயம் சொன்னார். காயிதாவை நன்றாக முடித்த பிள்ளை இப்போது பே எழுத்தையும் தே எழுத்தையும் மாற்றி ஓதுகிறது, கிதாபை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது என்றார். உங்களுக்குத் தெரியும், பேக்குக் கீழே ஒரு புள்ளி, தேக்கு மேலே இரண்டு, ஸேக்கு மூன்று. புள்ளி தெரியவில்லை என்றால் மூன்றும் ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்குப் புள்ளி தெரியாமல் போயிருந்தது.

மதுரையில் பார்த்தபோது இரு கண்ணிலும் கண்மணி வட்டம் கோணலாகி, பின்னாலுள்ள லென்ஸில் ஒட்டிப் போயிருந்தது. கருவிழியின் குறுக்கே வெள்ளைப் பட்டை படிந்திருந்தது. புரை விழுந்திருந்தது. வலக் கண்ணில் அழுத்தமும் ஏறியிருந்தது. புரைக்கு உடனே அறுவை செய்ய முடியாது என்றார்கள். முதலில் உள்ளே இருக்கும் அழற்சி பல மாதம் அடங்கியிருக்க வேண்டுமாம். அடக்கி, அறுவை செய்து, இடக் கண்ணில் பார்வை ஓரளவு திரும்பியது. வலக் கண்ணில் இன்று கை அசைவு தெரியும், அவ்வளவுதான். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பிள்ளையின் கண் சிகிச்சைக்கு மொத்தம் அறுபதாயிரத்துக்கு மேல் எழுதியிருக்கிறது. நாங்கள் மறுத்த பஸ் செலவு இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஐயாயிரத்தைத் தொட்டிருக்காது.

இனி நோயைப் பற்றிச் சொல்கிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. இந்த எட்டு ஆண்டுகளில் மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

கண்ணின் வெளிச்சுவருக்கும் உள்ளே படம் பதிகிற திரைக்கும் இடையில், ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு நடுப்படலம் உண்டு. கண்ணில் நிறமாகத் தெரியும் வட்டமும் அதில் ஒரு பகுதிதான். இந்த நடுப்படலத்தில் வரும் அழற்சிக்கு யுவைட்டிஸ் என்று பெயர். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசும். மூட்டு நோயுள்ள சிறு பிள்ளைக்கு வரும்போது பெரும்பாலும் இவை எதுவுமே இராது. கண் வெள்ளையாக இருக்கும், வலி இராது. இரு கண்ணும் மெல்ல மெல்ல மங்கும்போது எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஐந்து வயதுப் பிள்ளை வந்து "எனக்குப் பார்வை மங்குகிறது" என்று சொல்லாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சுவரில் எழுத்து அட்டை மாட்டி வாசிக்கச் சொல்வார்களே, ஆரம்பத்தில் அதிலும் பிள்ளை முழுவதையும் வாசித்துவிடும். நம் பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டின் சந்து வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கும். அந்தக் கோட்டில் மட்டும் தூசி மிதப்பது தெரியும், மற்ற இடத்தில் காற்று சுத்தமாக இருப்பது போலத் தோன்றும். ஸ்லிட் லேம்ப் செய்வதும் அதுதான். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கோட்டைக் கண்ணுக்குள் செலுத்தி, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். கண்ணின் முன்னறையில் உள்ள தெளிந்த நீரில் அழற்சி அணுக்கள் தூசி போல மிதந்தால் அந்தக் கோட்டில் தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிட வேலை. நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்தது வெயில் கோடு இல்லாத அறையைப் பார்த்தது போல.

மூட்டு அழற்சி உள்ள எல்லாப் பிள்ளைக்கும் கண் பாதிக்காது. மேலை நாட்டுக் கணக்கில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை என்கிறார்கள். நம் நாட்டில் அதை விடக் குறைவு என்று சொல்லப்படுகிறது. யாருக்கு அதிகம் வரும் என்றால், நான்கு அல்லது அதற்குக் குறைந்த மூட்டுகளில் மட்டும் நோய் இருப்பவர்களுக்கு, மிகச் சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு, ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு. இதில் ஒரு விபரீதத்தைக் கவனியுங்கள். உடம்பெல்லாம் மூட்டு வீங்கிப் படுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒரே ஒரு முட்டி வீங்கி, மற்றபடி நன்றாக விளையாடுகிற பிள்ளையை விட்டுவிடுவோம். கண்ணுக்கு ஆபத்து அதிகம் அந்த இரண்டாவது பிள்ளைக்குத்தான்.

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒரு முறை என்று, 2019இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. நம் பக்கத்து மருத்துவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறார்கள். மூட்டு நோய் தொடங்கிய முதல் நான்கு ஆண்டுகளில்தான் கண் பாதிப்பு பெரும்பாலும் வருகிறது. சிலருக்கு மூட்டு வீங்குவதற்கு முன்பே வந்துவிடுவதும் உண்டு.

"முட்டி சரியாயிருச்சே, இன்னும் எதுக்குக் கண்ணைப் பாக்கணும்?" என்று போன மாதம் ஒரு அத்தா எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், நாங்களே கேட்ட கேள்வி. மூட்டும் கண்ணும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. மூட்டு அடங்கிய பிறகும் கண்ணில் உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம். மருந்தைக் குறைக்கும்போதும் நிறுத்தும்போதும்தான் கண்ணை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இப்போது குழந்தை மருத்துவரின் இடம் எது என்று பார்ப்போம். கண்ணுக்குக் கண் டாக்டர் இருக்கிறாரே, நடுவில் இவர் எதற்கு என்று பலர் நினைக்கிறோம். கண் மருத்துவர் கண்ணுக்குள் அழற்சி இருக்கிறதா, எவ்வளவு என்று சொல்வார். அது எதனால் வந்தது என்று தேடுவதற்குப் பிள்ளையின் முழு உடம்பையும் பார்க்க வேண்டும். அந்த வேலை குழந்தை மருத்துவருடையது. மூட்டைத் தொட்டுப் பார்ப்பார், தோலைப் பார்ப்பார், சிறுநீர் பரிசோதிக்கச் சொல்வார், மார்பு எக்ஸ்ரே எடுப்பார். வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் இருமல் இருக்கிறதா என்று கேட்பார். அதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். காசநோயாலும் கண்ணுக்குள் அழற்சி வரும், அதற்குச் சிகிச்சையே வேறு. நாயும் பூனையும் வளர்க்கிறீர்களா என்று கேட்டாலும் காரணம் இருக்கிறது, அவற்றின் வழியாக வரும் கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் கண்ணைத் தாக்கும்.

குளத்தில் குளிப்பானா என்று கேட்டால் அதற்கும் காரணம் உண்டு. தென்னிந்தியாவில் ஒரு கிராமக் குளத்தில் குளித்த பிள்ளைகளின் கண்ணில் கட்டிகள் வந்ததையும், அதற்கு ஒட்டுண்ணித் தட்டைப்புழு காரணமாக இருந்ததையும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2001இல் எழுதி வெளியிட்டார்கள். இவ்வகைப் புழுக்கள் நீரில் வாழும் நத்தைகளில் வளர்பவை. நம் பிள்ளைகள் விடுமுறை விட்டால் கண்மாயை விட்டு ஏறுவதில்லை. குளிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குளித்த பிள்ளைக்குக் கண்ணில் கட்டியோ சிவப்போ வந்து போகாமல் இருந்தால், குளித்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அரவிந்தைச் சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதை 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே கடுமையான மூட்டுவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகித்தான் ஆயிரமாயிரம் பேருக்குக் கண் அறுவை செய்தார். மூட்டு நோய் வந்த பிள்ளையின் வாழ்க்கை முடிந்தது என்று அழும் தாய்மாருக்கு நாங்கள் இதைச் சொல்வதுண்டு.

சிகிச்சைக்கு வருவோம். முதலில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, கூடவே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. விரிக்கும் மருந்து போட்டால் வெளிச்சம் கூசும், பக்கத்தில் வாசிக்கக் கடினமாக இருக்கும். அந்த நாட்களில் பிள்ளையை ஓதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று உஸ்தாதுகளிடம் சொல்லியிருக்கிறோம், காதால் கேட்டு மனனம் செய்யட்டும். ஸ்டீராய்டு சொட்டு அழற்சியை அடக்கும், ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே புரையையும் கண் அழுத்தத்தையும் கொண்டுவரும். அதனால்தான் அழற்சி நீடிக்கும் பிள்ளைகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள்.

இந்த மருந்தைப் பற்றி ஒரு விஷயத்தை மனதில் ஆணி அடித்தது போல வைத்துக்கொள்ளுங்கள். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் கொடுத்தால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் அம்மா ஒரு வேளை, நன்னி ஒரு வேளை என்று ஆளுக்கொருவர் மருந்து கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த மருந்துக்கு ஒருவரே பொறுப்பாக இருங்கள். நம் ஊரில் இப்போது இம்மருந்து சாப்பிடும் பிள்ளையின் வீட்டில் "ஜும்ஆ மாத்திரை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அத்தா தொழுதுவிட்டு வந்து தன் கையால் கொடுப்பார், காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடுவார். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதித்து மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்வது குழந்தை மருத்துவர் அல்லது மூட்டு நோய் மருத்துவர். கண் மருத்துவமனையில் இதைச் செய்துகொள்வார்கள் என்று நாம் இருந்துவிடக் கூடாது.

அதற்கும் அடங்காவிட்டால் அடாலிமுமாப் என்ற ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இங்கிலாந்தில் மூட்டு நோயோடு யுவைட்டிஸும் இருந்த 90 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டோடு வெற்று ஊசி போட்ட 30 பேரில் 18 பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. அடாலிமுமாபும் சேர்த்த 60 பேரில் பலிக்காதவர்கள் 16 பேர். 2014 இறுதியிலிருந்து இந்த ஊசியை நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன, விலையும் முன்னை விடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் நம்மைப் போன்றவர்களுக்குச் சுமைதான். இந்த ஊசி தொடங்குமுன் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். மறைந்து கிடக்கும் காசநோயை இது கிளப்பிவிடும்.

தடுப்பூசி பற்றியும் சொல்லிவிடுகிறோம். இம்மருந்துகள் சாப்பிடும் பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி போடலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதைக் குழந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முகாமில் வரிசையில் நின்று போட்டுக்கொள்ளும்போது மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். வீட்டிலோ மக்தபிலோ யாருக்காவது சின்னம்மை வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி நீங்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகள்.

சுர்மா இடலாமா என்று நன்னிமார் கேட்கிறார்கள். கடையில் விற்கும் சுர்மாக்களில் பலவற்றில் ஈயம் இருப்பதாகப் பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஈயம் சிறு பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம். தாய்ப்பால், பன்னீர், தேன், ஓதிய தண்ணீர் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். ஓதி ஊதுங்கள், குடிக்கக் கொடுங்கள், துஆ செய்யுங்கள். கண்ணுக்குள் மட்டும் ஊற்ற வேண்டாம். கண்ணேறு பட்டுவிட்டது என்று மூன்று வாரம் கழிப்பதில்தான் பல பிள்ளைகளுக்கு நேரம் போகிறது. ஓதிப் பார்ப்பதும் டாக்டரிடம் போவதும் ஒரே நாளில் செய்யக் கூடியவைதான்.

நோன்பில் சொட்டு மருந்து விடலாமா என்று பதின்ம வயதுப் பிள்ளைகளின் தாய்மார் கேட்கிறார்கள். கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபிலும் இதுதான் நிலை. ரமலானில் பகல் முழுக்கச் சொட்டை நிறுத்திவிட்டு ஷவ்வாலில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம். ஐயம் இருந்தால் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

கடையில் சொட்டு மருந்து வாங்கி விடலாமா? இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறோம். நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் உள்ள ஆண் பிள்ளைகள் பலருக்குக் கோடையில் கண் அரிக்கும். கசக்கிக்கொண்டே இருப்பார்கள், நூல் நூலாகப் பீளை வரும். இது ஒவ்வாமை. மருந்துக் கடையில் சொன்னால் ஸ்டீராய்டு கலந்த ஒரு சொட்டு தருவார்கள். அரிப்பு மந்திரம் போட்டது போல நிற்கும். அடுத்த முறை அதே சொட்டு, அதற்கடுத்த முறை அண்ணனின் சொட்டைத் தம்பிக்கு. இப்படி ஆண்டுக்கணக்கில் விட்டுக் கண் அழுத்தம் ஏறி, நரம்பு செத்து, பார்வை போன இளைஞர்கள் உண்டு. போன பார்வை திரும்பாது. மருத்துவர் எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாள்தான். காலி குப்பியைக் கடைக்குக் கொண்டுபோய் "இதே மாதிரி ஒண்ணு குடுங்க பாய்" என்று கேட்காதீர்கள்.

மெட்ராஸ் ஐ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீளையோடு சிவந்து, வீட்டில் எல்லோருக்கும் தொற்றி, ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். சிவந்த கண்ணோடு வலி இருந்தாலும், வெளிச்சம் பார்க்க முடியாவிட்டாலும், பார்வை மங்கினாலும் அது மெட்ராஸ் ஐ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் பிள்ளையின் கண்ணில் சீழ் வடிந்தால் அன்றே போக வேண்டும். போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. அது கண்ணில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம், சீக்கிரம் கண்டால் உயிரையும் பெரும்பாலும் கண்ணையும் காப்பாற்றிவிடுகிறார்கள்.

போன ஆண்டு மக்தபில் ஆறு வயதுப் பையன் ஒருவன் காலையில் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தான். உஸ்தாத் கண்டிக்கவில்லை. அன்று மாலையே வீட்டுக்குப் போய்ச் சொன்னார். நாங்கள் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினோம், அவர் அந்த வாரமே கண் மருத்துவருக்கு எழுதினார். முதல் பரிசோதனையிலேயே ஒளிக்கோட்டில் அணுக்கள் தெரிந்தன. கண் வெள்ளையாகத்தான் இருந்தது, பார்வையும் முழுதாக இருந்தது. மேலே சொன்ன ஜும்ஆ மாத்திரை அவனுடையதுதான். இப்போது சொட்டு மருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. அம்ம ஜுஸ்வு ஓதிக்கொண்டிருக்கிறான், புள்ளிகள் தெரிகின்றன.

எங்கள் நிர்வாகக் குழு பழைய விதியை மாற்றியிருக்கிறது. இனித் தொடர் பரிசோதனைக்கும் உதவி உண்டு. மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டு தேவையில்லை, ஜமாஅத் பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை. குழந்தை மருத்துவரின் கடிதம் ஒன்று போதும். பிள்ளையோடு பெரியவர் ஒருவர் போய்வரும் செலவையும், அன்றைய கூலி இழப்பில் ஒரு பகுதியையும் தருவோம். ஜகாத் பணத்தைப் பஸ் செலவுக்குக் கொடுக்கலாமா என்று குழுவில் ஒரு தயக்கம் இருந்தது. ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்தின் கையில் கொடுத்து அவர்களுக்கு உரிமையாக்கிவிட்டால் போதும், அதை எதற்குச் செலவு செய்வது என்பது அவர்கள் பாடு என்று ஹஜ்ரத் விளக்கினார். தகுதி வரம்புக்கு மேலே, ஆனாலும் சிரமத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு ஸதகா கணக்கிலிருந்து தருவோம். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டு வாருங்கள். எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுச் சொல்ல எங்கள் அலுவலகப் பையன் கூட வருவான்.

வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள். குழந்தை மருத்துவர் எழுதுவது, கண் மருத்துவர் எழுதுவது, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்து மாற்றிய தேதி எல்லாம் அந்த ஒரே நோட்டில் இருக்கட்டும். இரண்டு மருத்துவரும் இரண்டு ஊரில் இருக்கிறார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்கு அந்த நோட்டு வழியாகத்தான் தெரியும். அடுத்த பரிசோதனைத் தேதியை எங்கள் அலுவலகப் பலகையிலும் எழுதிவைப்போம், பெயர் போடாமல். தேதிக்கு முந்தின நாள் அஸருக்குப் பிறகு வந்து பணத்தை வாங்கிக்கொள்ளலாம், விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வசதியாக இருக்கும்.

முதலில் சொன்ன பெண் பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு. பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கித் தருகிறோம், கண்ணாடியும் மருந்தும் எங்கள் செலவு. போன வாரம் அவளுடைய அத்தாவிடம், இந்தக் கூட்டத்தில் உங்கள் விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்லுங்க. அந்த லெட்டர்ல நாலாவது வரின்னு ஒண்ணு இருந்துச்சுன்னும் சொல்லுங்க" என்றார்.